தட்டுத் திருவிழா

மார்ச் 2, திங்கள்

கடையை மூடிவிட்டுப் பேத்தி மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எதிர் ஆஸ்பத்திரியில துணைக்கு வந்தவங்க எல்லாம் மரத்தடியில படுத்துக் கிடக்காங்க பாட்டி. அவங்களுக்கு ஒரு கூடம் கட்டணும். மூணாம் ஞாயிறு நம்ம கடையில விழா வைக்கிறேன். பாட்டு, விளையாட்டு, சாப்பாடு. வர்றவங்க முடிஞ்சதைப் பெட்டியில போடட்டும்."

ஹோட்டல் வைத்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த மனசு! அஞ்சாங்கிளாஸோடு நின்றவளின் பேத்தி. கூப்பிடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"நூறு பேருக்குத்தான் சமையல். நம்ம தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் சொல்லு" என்றாள்.

மார்ச் 9

தெருவுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்னேன். மார்க்கெட்டில் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொன்னேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொன்னேன். என் பேத்தி நடத்தும் விழா, சொல்லாமல் எப்படி இருப்பது?

மார்ச் 15, ஞாயிறு

என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

நானூறு பேர். தட்டு போதாமல் தெருப் பெண்கள் வீட்டுக்கு ஓடி அவரவர் தட்டைக் கொண்டுவந்தார்கள். தட்டு வந்தது, சோறு தீர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வந்த ஒரு அம்மா காலித் தட்டோடு நின்றாள். "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பேத்தி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "யாருக்காக வெச்சேனோ அவங்களுக்கே இல்லைன்னு சொல்ல வெச்சுட்டியே பாட்டி. இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்."

இந்த வாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

மார்ச் 17

பேத்தியிடமிருந்து காப்பி வருகிறது. பேச்சு வரவில்லை.

மார்ச் 19

கழுவி அடுக்கியதில் நாற்பத்தொரு தட்டு நம்முடையது இல்லை. அதையாவது ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்போம் என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தையல்காரி கையை நீட்டவே இல்லை. "அங்கேயே இருக்கட்டும் பாட்டிம்மா. அடுத்த வருஷம் மறுபடியும் தூக்கிட்டு வரணுமா?"

அடுத்த வருஷமாமே!

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசலிலேயே மறித்தார். சோறு கிடைக்காமல் போனவர்களில் அவரும் ஒருவர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "முதல் பந்தியில எனக்கு இடம். அதுக்கு அச்சாரம் இந்தத் தட்டு. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

ஏழு வீடு. ஒருத்தர்கூட வாங்கவில்லை. கை கடுத்துப்போய், மூட்டையோடு திரும்பிவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மார்ச் 20

பெருக்க வந்த பேத்தி மூட்டையைத் துடைப்பத்தால் இடித்துவிட்டாள். கலகலவென்று சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கண்டக்டர் அச்சாரம்னா சொன்னாரு?" உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் துடைத்தாள்.

"நடத்தினா, நீ வாயைத் திறக்கக் கூடாது."

"தையல்காரிகிட்டச் சொல்லித் தைச்சுக்கறேன்டி."

மார்ச் 21, ஞாயிறு

ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்று இரண்டாம் விழா. முதல் பந்தி ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு. கண்டக்டர் தானாகவே எழுந்து நின்று பரிமாறினார். சாயங்காலம் எல்லோரும் தட்டை விட்டுவிட்டே போனார்கள். எண்பத்தாறு! தட்டுத் திருவிழா என்று தெருவே பேர் வைத்துவிட்டது.

ஆகஸ்ட் 6

பெட்டிப் பணமும் போட்டு ஆஸ்பத்திரியில் கூடம் கட்டித் திறந்தார்கள். இருபது கட்டில், நாலு ஃபேன். ஒவ்வொரு கட்டிலையும் அமுக்கிப் பார்த்தேன்.

மார்ச் 10

மூன்றாம் வருஷம். பேத்திக்கு ஒன்பதாம் மாதம், கால் வீங்கிக் கிடக்கிறது. டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். கடைக்கு விடுமுறை, விழா இல்லை என்று எழுதிக் கதவில் ஒட்டினேன்.

மார்ச் 19, ஞாயிறு

இதைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடியும்போதே வலி எடுத்துவிட்டது. அவள் உள்ளே, அவள் வீட்டுக்காரர் வராந்தாவில், நான் ஏழாம் கட்டிலில்.

மத்தியானம் கண்டக்டர் கையில் சோற்றுத் தட்டோடு வந்தார். பின்னால் தையல்காரி, இன்னும் பத்துப் பதினைந்து பேர், கட்டில் கட்டிலாகப் பரிமாறிக்கொண்டு.

"கதவுல எழுதி ஒட்டியிருந்தேனே?"

"படிச்சோம். கடைக்குத்தானே லீவு, எங்களுக்கா லீவு? வீட்டுக்கு ஒரு பானை சமைச்சோம். மாப்பிள்ளைகிட்டச் சாவி வாங்கி, உங்க கட்டிலுக்கு அடியில இருந்து தட்டையெல்லாம் எடுத்துட்டோம்" என்றார் கண்டக்டர்.

"யாரு எல்லாரையும் கூப்பிட்டது?"

"இதுக்கு யாராவது கூப்பிடணுமா பாட்டிம்மா?"

தையல்காரி என் மடியிலும் ஒரு தட்டை வைத்தாள். யார் வீட்டுத் தட்டு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை. சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். இன்னும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. தெருவே வெளியில்தான் நிற்கிறது.

நாளைக்கு ஒரு சின்னத் தட்டு வாங்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் இடம் பண்ண வேண்டும்.