கிழிந்த கிளவுஸ் கேட்டு நின்றவளுக்கு

துருவும் கிரீஸும் வேர்வையும் கலந்த உன் வாசனை இப்போது என் வீட்டில் இருக்கிறது. குழந்தை கையை விட்டுவிடப் போகிறாளே என்று கிழிந்த கிளவுஸ் கோணிப்பையைக் கதவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அப்படியும் வாசனை சமையல் மேடை வரைக்கும் வருகிறது.

செவ்வாய்க்கிழமை கம்பி மில் கேட்டைத் தாண்டும்போது செக்யூரிட்டி அண்ணன் கூப்பிட்டார். "அந்தம்மாவ மூணு மாசமா காணோமே. கிழிஞ்ச கிளவுசெல்லாம் கட்டி வச்சிருக்கேன். நீ அவங்க பக்கத்து ஊடுதானே, எடுத்துகினு போய் குடுத்துடறியா?"

நீ இறந்துவிட்டாய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "குடுத்துடறேண்ணா" என்று வாங்கிக்கொண்டேன். இனி இது எனக்குத்தான் என்று அந்த நொடியில் தோன்றியதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாம் ஒரே மாதத்தில் தையல் மிஷின் வாங்கினோம். நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். மில்லில் சூட்டுக் கம்பி பிடிக்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஜீன்ஸ் துணி கிளவுஸ்தான் இருவருக்கும் தொழில். நீ ஒன்பதாவதோடு நின்றவள், நான் பி.காம். நீ என் பேரைச் சொன்னதே இல்லை, "ஏ காலேஜு" தான். நான் விசிட்டிங் கார்டு அடித்தேன். நீல நூலில் தைத்து, கவரில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டினேன். நீ கையில் அகப்பட்ட நூலில் தைத்துச் சணலால் கட்டிக் கொடுத்தாய். ஒரு வருஷத்தில் மில்லில் உன்னிடம் வாங்குவது இரண்டு மடங்கானது. என்னிடம் கொஞ்சம் வாங்கிவிட்டு "அப்புறம் சொல்றோம்மா" என்றார்கள்.

உனக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். அப்புறம் ஒரு நாள், இரண்டு மணி ஷிப்ட் விடும் நேரத்தில் உன்னைப் பார்த்தேன். கோணியைப் பிரித்துப் பிடித்தபடி கேட்டில் நின்றிருந்தாய்.

"பழைய கிளவுசு இருந்தா தூக்கிப் போடாதீங்கண்ணா, இதுல போடுங்க. எங்க கிழியுதுன்னு பாக்கணும்."

"இன்னாம்மா, குப்ப பொறுக்கறியா?" என்றான் ஒருவன்.

"ஆமாண்ணா, நீ போட்டதத்தான் பொறுக்கறேன். அடுத்த வாட்டி கிழியாம தச்சுட்டேன்னு வையி, கேலி பண்ண உனக்கு ஒண்ணும் கெடைக்காது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாய். என் பக்கத்தில் என் நாத்தனார் நின்றிருந்தார். "யாரு, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். இல்லையே என்று சொல்லிவிட்டு, குழந்தையின் தொப்பியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே என் வாசலில் வந்து நின்றாய். "ஏ காலேஜு, கைய தூக்கினா பாக்காத மாறி போற? கண்ணு அவுட்டா?"

"பாப்பா அழுதுகினு இருந்தாடி, கவனிக்கல."

"எங்க அழுதா? பொறை தின்னுகினு இருந்தா, நான் பாத்தேன்ல."

அதோடு விட்டுவிட்டாய். அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாய். ஐந்து நிமிஷத்தில் உன் மிஷின் ஓட ஆரம்பித்தது. நீ சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

இந்த மூன்று வருஷத்தில் எத்தனை தடவை இதை மூடிவிடலாம் என்று நினைத்தேனோ. குழந்தைக்குச் சளி, துணி விலை, இடுப்பு வலி, ஏதாவது ஒன்று. அப்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் உன் மிஷின் கடகடக்கும். இவள் மட்டும் தைப்பாளா என்று நானும் போய் உட்காருவேன். விடாமுயற்சிக்காரி என்று மகளிர் குழுவில் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு இருந்தது உன் மேல் வயிற்றெரிச்சல்தான்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை. உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்று அழுதேன். அழும்போதே, மில் ஆர்டர் இனி நமக்கு வரும் என்ற நினைப்பும் ஓடியது. வந்தது. உன் சரக்கு நின்றுபோனதால், முழுசாக நீயே எடுத்துக்கிறாயா, சாம்பிள் கொடு என்று கேட்டார்கள். என்னால் ஒரு ஜோடிகூடத் தைக்க முடியவில்லை. அந்தப் பக்கம் சத்தம் இல்லை. மிஷினில் உட்கார்ந்தால் எழுந்துபோய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடு இல்லை என்று தெரிந்தும் பத்து நிமிஷத்தில் மறுபடி போகிறேன்.

"எங்க கம்பெனி ஆபீசுல ஆள் கேக்கறாங்க. திங்கட்கிழமைக்குள்ள சொல்லு. இத வச்சுகினு எத்தினி நாளு பேஜார் பண்ணிகினு இருப்ப?" என்றார் வீட்டுக்காரர். அவர் கேட்டது நியாயம்தான்.

இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, மூட்டையை உன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். உன் வீட்டுக்காரர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. "எனக்கு இத வச்சு இன்னா பண்றதுன்னு தெரியலம்மா. நீயே எடுத்துகினு போ. அவ மிஷினாண்ட இன்னும் கெடக்குது, வேணும்னா பாரு" என்றார்.

உன் மிஷினுக்கு மேலே ஒரு கம்பி கட்டியிருந்தாய். துணி கிளிப்பில் வரிசையாகக் கிழிந்த கிளவுஸ்கள். எல்லாவற்றையும் தையல் பிரித்து விரித்து, கிழிந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தாய். நான் அதில் நீல நூலைத் தேடினேன். நானும் அதே மில்லுக்குக் கொடுத்தவள்தானே, என்னுடையது ஒன்றாவது உன் கோணியில் விழுந்திருக்கும், நீயும் அதைப் பிரித்துப் பார்த்திருப்பாய் என்று ஒரு ஆசை. கம்பியில் ஒன்றுகூட இல்லை. கீழே எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் கறுப்பாகச் சுருண்டு கிடந்தது ஒன்று. விரித்தால் நீல நூல்.

"அது மிஷின் தொடைக்கற துணிம்மா" என்றார் அவர். என்னுடையது என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் உன்னைத் திட்டினேன். அத்தனை வருஷம் நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. உன் கிளவுஸ் எங்கே கிழிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். என்னுடையது எங்கே கிழிகிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது.

இன்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு மில் கேட்டுக்குப் போனேன். முதலில் செக்யூரிட்டி அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

ஷிப்ட் விட்டதும் ஒருவர் கையில் நீல நூலைப் பார்த்து நிறுத்தி, அவர் போட்டிருந்த பழைய கிளவுஸ் நான் தைத்தது என்று சொன்னேன். அவர் அதைக் கழற்றினார். "கம்பிய இப்டி சாச்சு புடிப்போம்மா. சுண்டு வெரலாண்ட மொதல்ல வுட்டுடும்." வெறுங்கையைச் சாய்த்துக் காட்டினார். சுண்டுவிரலுக்குக் கீழே ஆறிப்போன சூட்டுத் தழும்பு. யார் தைத்ததைப் போட்டபோது பட்டது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எத்தனை தையல் போட்டால் தாங்கும் என்று மட்டும் கேட்டேன்.

ஆபீஸ் வேலைக்கு வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்றால், சுண்டுவிரல் பக்கம் இன்னொரு மடிப்பு கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் மேல் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். உன் ஆர்டர் மேல் இருந்தது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்று கேட்டில் நின்ற அரை மணி நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீ மூன்று வருஷம் சிரித்துக்கொண்டே அங்கே நின்றிருக்கிறாய்.