கொலுசுப் பட்டறைத் தொட்டி

இன்று காலை உன் வீட்டு வழியாகப் போனேன். சன்னலிலிருந்து வெண்காரம் பொங்கிக் கருகும் வாசனை வந்தது. கொலுசுக்குப் பற்றவைக்கிறார்கள். நீ உள்ளே இருப்பதாக நினைத்துக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்.

இதை நானே எழுதுகிறேன், தெரியுமா? எழுதப் படிக்க மாலை வகுப்புக்குப் போகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு சொல் முழுதாக அமைந்துவிட்டால் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். நீ பார்த்திருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பாய்.

உன் வீட்டிலேயே இருந்த நம் பட்டறையில் எல்லோரும் ஒரே தண்ணீர்த் தொட்டியில்தான் கை கழுவ வேண்டும். அடியில் தங்கும் சேற்றை உருக்கினால் வெள்ளி கிடைக்கும் என்று தண்ணீரைக் கொட்டவே மாட்டோம். அந்தக் கலங்கல் தண்ணீரில் கையை அலசிவிட்டு நேரே சோற்றில் கை வைப்போம். "சாப்புடப்பா, வெள்ளி உள்ள போனா ஒடம்பு மினுமினுன்னு ஆயிரும்" என்பாய். நானும் சிரித்துக்கொண்டே விழுங்குவேன்.

உனக்கு வயிறு ஊதியபோது மோரைக் குறை சொன்னோம். பிறகு கத்தரிக்காயை. பிறகு உன் மருமகளின் சமையலை. பாவம், அவள் புளியையும் காரத்தையும் குறைத்துச் சமைத்துப் பார்த்தாள். கடைசியில் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். நீ போய்விட்டாய்.

போன மாதம் எனக்கும் வயிறு அப்படியே ஆனது. சேலத்தில் மருத்துவர் அம்மா என் தொழிலைக் கேட்டார். பற்றவைக்கும் பொடியில் காட்மியம் என்ற உலோகம் இருக்குமாம், ஈயமும் சேர்ந்திருக்கலாமாம்.

"பாலைத் தயிராக்குதே, அந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத நல்ல நுண்ணுயிருங்க நம்ம குடலுக்குள்ள இருக்குதுங்க. உள்ள வர்ற உலோகத்துல கொஞ்சத்த அதுங்களே புடிச்சு வெளிய தள்ளும். தெனமும் வந்துட்டே இருந்தா அதுங்க செத்துப்போயிரும். அப்புறம் குடலும் பலவீனமாயிரும். உலோகம் இன்னும் லேசா ரத்தத்துல எறங்கிரும்" என்றார்.

காவல்காரனையே கொன்றுவிட்டுக் கதவைத் திறக்கும் திருடன். அவனுக்குத்தான் நாம் வேளை தவறாமல் சோறு போட்டிருக்கிறோம்.

"என் சிநேகிதன் போனதும் இதனாலதானுங்களா?" என்று கேட்டேன்.

"பாக்காத ஒடம்பப் பத்தி உறுதியாச் சொல்ல முடியாதுங்கய்யா."

அந்த வாசனையில் இதெல்லாம் நினைவுக்கு வந்ததும் இன்று உன் வீட்டுக்குள் நுழைந்தேன். உன் மருமகள் அதே தொட்டியில் கையை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உன் பேத்தி சோற்றுக்கு வாயைத் திறந்தபடி நின்றாள்.

"சாமி, நில்லு!" என்று கத்தினேன்.

"ஏனுங்க மாமா, பாம்புங்களா?"

"பாம்புன்னா அடிச்சுப்போடலாம்."

மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். "கொழாயில கழுவுனா வெள்ளி போயிருமுங்களே" என்றாள்.

"மொதல்ல தொட்டியில கழுவு. அப்புறம் சோப்புப் போட்டுக் கொழாயில கழுவு. வெள்ளியும் தங்கும், புள்ளையும் தங்கும்."

கரித்துண்டை எடுத்துத் தொட்டிக்கு மேலே சுவரில் எழுதினேன்: 'இதில் கழுவிய கையோடு சாப்பிடாதே.' அவள் படித்துவிட்டு, "அட, மாமா எழுதுனதா!" என்று சிரித்தாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து ஊட்டினாள்.

பேத்தி இரண்டு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்ச நாளா இப்படித்தானுங்க. வயிறு ஊதிக்கிட்டே இருக்குது" என்றாள் உன் மருமகள்.

என் சிரிப்பு நின்றுவிட்டது.

நாளை இருவரையும் சேலத்துக்கு அழைத்துப் போகிறேன். பேருந்துப் பலகையை யாரையும் கேட்காமல் நானே படித்துவிடுவேன். உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட உலோகம் இன்னும் என் உடம்பில் இருக்கிறதாம், லேசில் போகாதாம். இருக்கட்டும், நான் உன்னிடம் வரும்போது அது என்னோடு வரட்டும். அந்தக் குழந்தையிடம் மட்டும் இருக்கக் கூடாது.