ஒத்துக்கொள்ளாத மருந்து

என்னங்க,

பூசணிக்காயாக வீங்கிய முகத்திலும் அழகாகத்தான் இருக்கிறீர்கள். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குடல் ஆபரேஷனுக்கு முன்னால் நீங்கள் அசந்து தூங்கியபோது நர்ஸ் கேட்டாள்: "புண்ணு சீழ் பிடிக்காம இருக்க முன்னாடியே ஊசி போடுவோம்மா. மூட்டு ஆபரேஷனுக்கு ஒரு மருந்து, குடலுக்கு வேற. சாருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

"ஒத்துக்காதது நான் ஒருத்திதான்" என்றேன். வார்டே சிரித்தது. அந்தக் கும்மாளத்தில், முன்பு பல் பிடுங்கியபோது பென்சிலின் ஊசியால் உங்களுக்கு மூச்சு முட்டியதைச் சொல்ல மறந்தேன். அதே வகை மருந்தைத்தான் போட்டிருக்கிறார்கள்.

இன்று காலை, "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று அந்த நர்ஸைத் திட்டினீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்டாள். அதை டாக்டரிடமும் இப்போதே போய்ச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதவள்