பெயர் விட்டுப்போன பத்திரிகை

மாப்ள,

தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் மணக்கிறது. எனக்கோ வயிறு எரிகிறது.

நம்மிடம் படித்த பேச்சிக்குக் கல்யாணம். ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி, ஒரு வரியை முடிப்பதற்குள் மணி அடிக்கவைப்பாளே, அதே பேச்சி. கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று சித்தப்பன், மாமன், மச்சான் எல்லோரும் அணிவகுத்து நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீயும் இருக்கிறாய். நீ செத்து ஒரு வருடம் ஆகிறது, உன் பெயருக்கு முன்னால் 'அமரர்' கூடப் போடவில்லை. நான் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வீட்டுக்காரியைப் படிக்கச் சொன்னேன். இல்லை.

அதிலிருந்து ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தேனிக்கு பஸ் ஏறியவன் சின்னமனூரிலேயே இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கம்பத்துக்கே திரும்பிவிட்டேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. "நிக்கிறதா உக்கார்றதான்னு ஒரு முடிவுக்கு வாங்க, பாக்குற எனக்குக் கிறுகிறுங்குது" என்கிறாள் வீட்டுக்காரி.

நம் பள்ளிக்கூடத்துக்குக் கணினி வந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? மொத்தம் நாலு பெட்டி. ஆயுத பூஜைக்கு நான் நாலுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, ஒன்றின் பின்பக்க ஓட்டையில் செவ்வந்திப் பூவையும் செருகினேன். "மெசினு மூச்சு விடுற எடத்துல பூவச் சொருகுன மொத ஆளு நீதான் மாப்ள" என்றாய். நீ கணினி வாத்தியார், நான் தமிழ் வாத்தியார். பிள்ளைகளை வாசிக்க வைப்பது என் வேலை. என் பாட்டுக்கும் பிரம்புக்கும் மசியாதவர்களை உன் அறைக்குத் தள்ளிவிட்டுக் கை கழுவினேன்.

நீ அவர்களை ஆளுக்கொரு வெப்சைட் கட்டச் சொன்னாய். அவரவர் வீடு, தெரு, ஆடு, மாடு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு முகப்புப் பக்கம். உன் குசும்பு அதில்தான் இருந்தது. திங்கள்கிழமை தோறும் அதில் வகுப்புச் சேதி எழுதுவாய். பிள்ளைகளின் பெயர்களை வாக்கியங்களுக்குள் ஒளித்துவைப்பாய். ஒரே ஒரு பெயரை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுவாய். அது தன் பெயரா என்று தெரிய, ஒவ்வொன்றும் முழுப் பக்கத்தையும் படித்தாக வேண்டும். விட்டுப்போன பிள்ளை தானே வந்து பெயரையும், தன்னைப் பற்றி ஒரு வாக்கியத்தையும் தட்டிச் சேர்க்க வேண்டும். அதுதான் சட்டம்.

"பாடப் புத்தகத்துல அதுக பேரு எங்கன இருக்கு? அதான் படிக்க மாட்டேங்குதுக" என்றாய். எனக்குப் பொறாமையில் காது சுட்டது.

பேச்சிக்கு அப்பா இல்லை. தாய்மாமன் தவசி சொன்னதுதான் வீட்டில் சட்டம். முழுப் பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, விடியுமுன் ஏலத்தோட்டக் கூலிவேலைக்கு லோயர் கேம்ப் வழியே மலையேறும் ஜீப்பில் அவளை ஏற்றிவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்த மனுசன் ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணினி அறைக்குள் நுழைந்தார்.

"ஏ வாத்தியாரே! இவ எழுதுன பக்கத்துல ஆட்டுக்குட்டி பேரெல்லாம் இருக்காம், எம்பேரு இல்லையாம். ஒலகம் பூரா பாக்குற எடத்துல தாய்மாமன் பேரு இல்லன்னா எனக்கு என்னய்யா மருவாதி?"

பத்திரிகையில் மாமன் பெயர் விட்டுப்போனால் பந்தலையே பிரிக்கிற ஊர் நம்முடையது. உலகம் பூரா என்பதுதான் சும்மா. நம் தமிழ் எழுத்துரு அந்த நாலு பெட்டியில் மட்டும்தான் இருந்தது, வேறெங்கே திறந்தாலும் பூச்சி பூச்சியாகத் தெரியும். நீ அதைச் சொல்லவில்லை.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்றாய்.

"இவதான் நேத்து வந்து சொல்றா!"

பேச்சி தரையைப் பார்த்தாள். நீ என்னைப் பார்த்தாய். பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவருக்கு நாற்காலி போட்டாய். "ஆத்தா, மாமாவுக்கு முழுசாப் படிச்சுக் காமி. இல்லைங்கிறது நெசமான்னு பாப்பம்."

படித்தாள். திராட்சைப் பந்தல், அம்மா, ஆட்டுக்குட்டி. தடுக்கினாள், நின்றாள், மறுபடி பிடித்தாள். கடைசி வரிவரை போனாள். தவசி ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சாய்ந்துகொண்டே வந்தார்.

"எம்பேரப் போடு ஆத்தா." குரல் இறங்கிவிட்டது.

"பள்ளிக்கூடத்த நிறுத்த மாட்டேன்னு சொல்லுங்க மாமா. போடுறேன்."

விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். நான் தைரியமாகக் கதவைப் பார்த்தேன், ஓடுவதற்கு.

"பிள்ளைக்கு வக்கீல் படிப்பா சொல்லிக் குடுக்குறீக?" என்று உன்னிடம் பாய்ந்தார் தவசி. பிறகு திரையைப் பார்த்தார். "சரி, பத்து வரைக்கும்."

"பன்னெண்டு" என்றாள் பேச்சி.

"போடுத்தா, போடு!"

அதன்பின் சந்தைக்கு வரும்போதெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி, "எம்பேரு இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

நேற்று பொறுக்க முடியாமல் பேச்சிக்கே போன் போட்டேன். "ஏன் ஆத்தா, ஊர்ப்பட்ட பேருக்கு எடம் இருக்கு, எனக்கு இல்லையா?"

சிரித்தாள். "பேரு இருந்தா நீங்க வர மாட்டீக சார். கணினி சார் போனதுலருந்து எந்த விசேசத்துக்கு வந்தீக? பேரு இல்லன்னா சண்டைக்காச்சும் வருவீகல்ல?"

உன் அறையைத் தாண்ட மாட்டாமல் நான் தினமும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். சர்க்கரைக்கு நடக்கிறேன் என்று பள்ளிக்கூடமே பாராட்டுகிறது.

"அவுக பேருக்குக் கீழ எடம் விட்டிருக்கேன், பாருங்க. வந்து நீங்களே எழுதிக்கங்க சார். பேரும், ஒரு வாக்கியமும்."

பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாகக் கிடக்கிறது. அச்சகக்காரனின் கவனக்குறைவு என்று நினைத்திருந்தேன்.

நாளைக் காலையில் முகூர்த்தம். சண்டைக்குப் போக வெள்ளைச் சட்டை தேய்த்தாகிவிட்டது. பத்திரிகையும் பேனாவும் பையில் இருக்கின்றன. பெயரை எழுதிவிடுவேன் மாப்ள. வாக்கியம்தான் அமையமாட்டேன் என்கிறது. தன்னைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பது உன் சட்டம். காலையிலிருந்து பழைய தாளில் எழுதி எழுதி அடிக்கிறேன், எல்லாமே உன் பெயரில்தான் ஆரம்பிக்கின்றன.