வடக்கு முனை என்று நான் எழுதிய நாட்கள்

காயோ எஸ்பினோ, பெலிஸ்
ஏப்ரல் 29, 2008

மதிப்பிற்குரிய டாக்டர் ஹாலரன் அவர்களுக்கு,

மறைந்த படகோட்டி எலியோதோரோவின் மனைவி ஹெர்லிண்டா பதீயோ எழுதுவது. முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். என் கணவரின் மீன்பிடி நோட்டுகளை நான் ஓட்டல் கம்பெனிக்கு விற்றுவிட்டதாக இந்தத் தீவில் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் காதுவரை வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. இங்கே மீன்பிடிக்க வந்துபோகிற விருந்தாளிகளுக்குத் தூண்டிலைவிட நாக்கு நீளம். நான் எதையும் விற்கவில்லை. முப்பத்தொரு நோட்டுகளையும் துணியில் கட்டி எடுத்துப்போய் விசாரணை அதிகாரியின் மேசைமேல் நானே வைத்தேன். யாரும் என்னிடம் கேட்கக்கூட இல்லை. நம் படகோட்டிகளுக்கு உதவுவதாக நினைத்துச் செய்தேன்.

உங்கள் இடுப்பு அறுவை சிகிச்சை எப்படி ஆறியிருக்கிறது? நீங்கள் வந்து ஆறு பருவங்கள் ஆகின்றன. வாடைக்காற்று இந்த வருடம் மார்ச் பாதிவரை அடங்கவில்லை. அதன்பிறகு தண்ணீர் தெளிந்து, நீங்களெல்லாம் தேடி வருகிற மக்காபி மீன்கள் கூட்டமாகத் திட்டுகளின் மேல் ஏறத் தொடங்கின. விடுதியில் அறை காலியில்லை. எனக்கு ரத்த அழுத்தம் என்று தாதி சொல்கிறாள். விசாரணைக்கு முன்பு எனக்கு அது இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தீவின் தென்புறம், சதுப்பு மரங்களுக்கு அப்பால் முழங்காலளவு தண்ணீரில் வெள்ளை மணலாகக் கிடக்கிற இடத்துக்குக் கொக்குத் திட்டு என்று பெயர். உங்களுக்கு அது தெரியுமா தெரியாதா என்பதுதான் இந்தக் கடிதமே. ஓட்டல் கம்பெனி அந்த மணலை அள்ளிவிட்டு, பெரிய உல்லாசப் படகுகள் வர ஆழமாக வாய்க்கால் வெட்ட அனுமதி கேட்கிறது. அது யாருக்கும் உபயோகப்படாத தண்ணீர் என்பது அவர்கள் வாதம். பருவத்தில் பல நாட்கள் எங்களுக்கு அங்கேதான் பிழைப்பு, அள்ளிவிட்டால் மீன் திரும்பாது என்பது படகோட்டிகளின் வாதம். அதிகாரி வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றார். இருபத்திரண்டு படகோட்டிகளில் எழுத்தை ஒழுங்காக வைத்திருந்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

எலியோ மூன்றாம் வகுப்போடு படகில் ஏறியவர். நான் நகரத்தில் கன்னியாஸ்திரிகளிடம் எட்டு வருடம் படித்தவள். ஆகவே அவர் சொல்வார், நான் எழுதுவேன். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து சமையலறை நாற்காலியில் உட்காருவார். விருந்தாளியின் பெயர், ஓதம், காற்று, இடம், எத்தனை மீன் கடித்தது, எத்தனை கைக்கு வந்து திரும்ப விடப்பட்டது. தேதியில் ஓர் அடித்தல் விழுந்தால்கூட அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். “இது என்ன, பிஷப்புக்கா அனுப்பப்போற?” என்று கேலி செய்வார். உங்கள் பெயர் அதில் நூற்று நாற்பத்தாறு நாட்களில் வருகிறது.

விசாரணையில் கம்பெனியின் வக்கீல் ஓர் இளம்பெண். மரியாதையான பெண், தோன்யா என்றுதான் என்னைக் கூப்பிட்டாள், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டே நாளில் எல்லா நோட்டுகளையும் படித்துவிட்டு வந்திருந்தாள். “முப்பத்தோரு வருஷம் தோன்யா. கொக்குத் திட்டுங்கற பேரு ஒரு தடவைகூட வரலையே. வடக்கு முனை, வடக்கு முனைன்னு முந்நூறு தடவைக்கு மேல வருது. இது உங்க கையெழுத்துதானே?” என்றாள். ஆமாம் என்றேன். “நீங்க பொய் எழுதுவீங்களா?” என்றாள். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்து, வாழ்நாளில் எழுதியதில்லை என்றேன். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ஃபெலிபா, “காசு வாங்கிட்டா பாரு, மகராசி வாங்கிட்டா!” என்றது சபை முழுக்கக் கேட்டது.

வெளியே வந்ததும் ருமால்தோ என் கையைப் பிடித்துக்கொண்டான். எலியோவின் தம்பி மகன். இப்போது படகோட்டிகள் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். “பெரியம்மா, என்ன காரியம் பண்ணீங்க! எந்தப் படகோட்டி உண்மையான எடத்த நோட்டுல எழுதுவான்? அக்கரையிலேருந்து வர்ற பய எவனாவது எட்டிப் பாத்தா, மறுவாரமே அங்க முப்பது படகு நிக்குமே! பெரியப்பாவுக்குக் கொக்குத் திட்டுன்னா வடக்கு முனை. எங்கப்பாவுக்கு அதே எடம் பழைய பாலம். இது ஊர்ல இருக்கற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியுமே!” என்றான்.

எனக்குத் தெரியாதே என்றேன்.

அவன் என் கையை விட்டான். பிறகு, பேசாமல் இருக்கத் தெரியாதவனாதலால், “உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க எழுதியிருக்க மாட்டீங்க. இல்லேன்னா நேரா போய் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணியிருப்பீங்க” என்றான். வாயை அடக்கு என்றேன். ஆனால் அவன் சொன்னதில் முதல் பாதி உண்மை. நான் எழுதியிருக்க மாட்டேன். வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று பேனாவை மூடி வைத்திருப்பேன்.

மறுநாளே அதிகாரியைப் பார்த்து, இடப்பெயர்கள் நிஜமல்லவாம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நேத்து பொய்யே எழுதினதில்லன்னீங்க. இன்னிக்கு முந்நூறு பக்கம் பொய்ங்கறீங்க. நான் எந்த ஹெர்லிண்டாவ நம்பறது, தோன்யா?” என்றார். படகோட்டிகள் சொல்வதை அவர் ஏற்கமாட்டார், அவர்களுக்கு இதில் லாபம் உண்டு. போட்டோக்களாலும் பயனில்லை. கரை தெரியாதபடி உங்களையெல்லாம் தண்ணீரில் மண்டியிட வைத்து, மீனும் வானமும் மட்டும் விழுகிறமாதிரி எடுப்பது எலியோவின் வழக்கம். மீனின் அழகுக்காக என்று என்னிடம் சொல்லியிருந்தார். கடைசியில் அதிகாரி ஒரு வழி சொன்னார். படகில் இருந்த விருந்தாளி, இங்கே சொத்தோ லாபமோ இல்லாதவர், நாளும் இடமும் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டு எழுதினால் மே முப்பதாம் தேதிவரை ஏற்றுக்கொள்வாராம்.

இரண்டு இடங்களையும் நானே பார்க்க வேண்டும் என்று ருமால்தோவிடம் சொன்னேன். படகில் ஏறிப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. வடக்கு முனைக்குப் போக ஒன்றரை மணி நேரம். கல்லும் பாசியும், ஒரு பழைய இழுவைப் படகின் துருவேறிய முதுகும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. இறங்கி நிற்கக்கூட இடமில்லை. பிறகு கொக்குத் திட்டுக்கு வந்து மோட்டாரை அணைத்தான். பின்பக்க மேடையில் ஏறிக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே, “அதோ பெரியம்மா, அறுபது எழுபது இருக்கும்” என்றான். நான் பார்த்தது தண்ணீர். அவனுடைய கறுப்புக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அப்போதும் தண்ணீர். “வாலைப் பாருங்க, மீனைத் தேடாதீங்க” என்றான். அதன்பிறகு தெரிந்தது. சலனமில்லாத தண்ணீருக்கு மேலே வெள்ளி நுனிகள், இங்கொன்று அங்கொன்றாக, பிறகு எங்கு பார்த்தாலும். தலையை மணலில் குத்திக்கொண்டு மேய்கின்றன. நல்ல காட்சிதான். ஆனால் இன்றைக்கு அங்கே மீன் இருப்பது, என் கணவர் அன்றைக்கு அங்கே போனதற்குச் சாட்சி ஆகாது. ருமால்தோவிடம் அதைச் சொன்னேன். “அந்த வக்கீலம்மாவே தேவலாம்” என்றான்.

அங்கேயிருந்து தலையைத் திருப்பினேன். சதுப்பு மரங்களுக்கு மேலே மாதா கோயில் சிலுவையும், அதன் அருகில் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன.

டாக்டர், வடக்கு முனை என்றால் தூரம் என்று இரண்டு புட்டி தண்ணீர் அதிகம் வைத்து அனுப்புவேன். நாளைக்கு எங்கே என்று முந்தின நாளே கேட்டுவிடுவேன். அவரும் தயங்காமல் சொல்வார். வடக்கே மேகம் கறுத்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடுவேன். வடக்கைப் பார்த்து நின்று முழு ஜெபமாலையும் சொல்லியிருக்கிறேன். ருமால்தோ சொல்வது உண்மையானால் அவர் அப்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால், கூப்பிட்டால் ஏறக்குறைய கேட்கிற தூரத்தில், நான் கட்டிக்கொடுத்த சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஓடி வந்து நின்றதையெல்லாம் சாயங்காலம் அவரிடமே சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டு, “வடக்கு முனை, எழுதிக்கோ” என்பார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோட்டு உண்மை என்றால் திட்டு போய்விடும், ருமால்தோவும் மற்றவர்களும் பிழைக்க வேறு ஊர் தேட வேண்டும். நோட்டு பொய் என்றால் திட்டு பிழைக்கும். நான் யாரோடு நாற்பத்து மூன்று வருடம் இருந்தேன் என்று தெரியாமல் போகும். இரண்டில் எதை விரும்புகிறேன் என்று ஃபாதர் கேட்டார். திட்டு பிழைக்க வேண்டும் என்று சொன்னேன். அது சரியான பதில். வீட்டுக்கு வந்த பிறகு, அது என் பதிலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இடத்தை மாற்றியவர் மீன் எண்ணிக்கையை மாற்றவில்லையா? மோட்டார் பழுதாகி அங்கேயே தங்கிவிட்டேன் என்று வந்து சொன்ன நாட்கள்? இப்படி ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. ஊரிலுள்ள மற்ற பெண்களுக்கெல்லாம் சொல்லப்பட்ட ஒன்று எனக்கு மட்டும் சொல்லப்படவில்லை என்பதற்கு நானே காரணமா என்றும் தோன்றுகிறது.

அவர் இறந்தபோது நீங்கள் எழுதிய அனுதாபக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். “எலியோவின் படகில்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். மீன் கலையாமலிருக்க அமைதி காப்பதைச் சொல்கிறீர்கள் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை. அவர் உங்களிடம் ஏதாவது வாக்கு வாங்கியிருந்தால், அவருடைய மனைவி என்ற முறையில் நான் உங்களை அதிலிருந்து விடுவிக்கிறேன். எனக்கு அந்த உரிமை உண்டா என்று தெரியவில்லை. உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் உங்கள் நூற்று நாற்பத்தாறு நாட்களையும், அதிகாரியின் அறையிலிருக்கும் நோட்டுகளைப் பார்த்து, தேதிவாரியாகப் புதிதாக எழுதி, இடத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பியிருக்கிறேன். உண்மையில் நின்ற இடத்தை ஒவ்வொரு தேதிக்கு எதிரேயும் எழுதுங்கள். நினைவில்லாத நாளுக்கு நினைவில்லை என்று எழுதுங்கள்; யூகம் வேண்டாம். வடக்கு முனைக்குத்தான் போனீர்கள் என்றால் அதையே எழுதுங்கள். எங்களுக்கு அது பாதகமாயிற்றே என்று பார்க்க வேண்டாம். ருமால்தோ இந்த வாக்கியத்தை எடுத்துவிடும்படி கெஞ்சினான். நான் எடுக்கவில்லை. கை நடுங்கினால் உங்கள் மகள் எழுதட்டும், கையொப்பம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். நம் சிறு விமானத்தின் விமானி நகரத்திலிருந்து தபாலைத் தானே வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். அதில் தேதி இல்லை, கட்டம் இல்லை. அது விசாரணைக்குப் போகாது, ருமால்தோவும் பார்க்கமாட்டான். வருடத்தில் பத்து நாள் வந்துபோன உங்களுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியக்கூடாது என்று அவர் எப்போதாவது சொன்னாரா? சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள், எவ்வளவு கடுமையாக இருந்தாலும். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

தேவமாதா உங்களுக்கு உடல் நலமும் நல்ல நினைவும் தருவாராக. தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். இரண்டுக்கும் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஹெர்லிண்டா பதீயோ