குழாயில் நின்ற நுரை

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாமாவின் இருமல் நின்றதா? நான் சுகம்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று கால் மட்டும் கட்டையாகிவிடுகிறது.

போன வாரம் எங்கள் லேபில் ஒரு கூத்து. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. குழந்தையை உடனே எடுக்கலாமா என்று டாக்டர் கேட்டனுப்பினார். பனிக்குட நீரில் ஸ்பிரிட் கலந்து கண்ணாடிக் குழாயில் குலுக்குவோம். நுரை கால் மணி நேரம் நின்றால், குழந்தையின் நுரையீரல் மூச்சுவிடத் தயார் என்று அர்த்தம்.

நுரை ஜம்மென்று நின்றது. "அப்புறம் என்ன, எழுதிக் குடுத்துடு" என்றாள் கூட வேலை செய்பவள். எனக்கோ உங்கள் குரல்தான் கேட்டது: "டம்ளர்ல சோப்பு போகவே இல்ல, இன்னொரு தடவ அலசுடி!" அதற்கெல்லாம் எத்தனை நாள் பல்லைக் கடித்திருப்பேன்!

மீதி நீரைப் புதுக் குழாயில் குலுக்கினேன். நுரை உடனே அடங்கிவிட்டது. முதலில் நின்றது சோப்பு நுரை. அதை நம்பி எடுத்திருந்தால் குழந்தை மூச்சுக்குத் திணறியிருக்கும். குழந்தையின் நுரையீரல் முதிர டாக்டர் தாய்க்கு ஊசி போட்டு இரண்டு நாள் காத்திருந்தார். பிறந்ததும் போட்ட அழுகை எங்கள் மாடி வரை கேட்டது.

அந்தக் குழாயைக் கழுவியவளும் நான்தான், அத்தை. லேபில் சொன்னேன். "பரவாயில்ல" என்று எல்லோரும் போய்விட்டார்கள்.

உங்களிடம் விட்டு வந்த என் பாப்பா போர்த்தும் போர்வையைத் துவைக்காமல் அனுப்புங்கள்; அவள் வாசனை வேண்டும். போனில் "நல்லா இருக்கியா" என்று கேட்டு உடனே வைத்துவிடாதீர்கள். எதற்காவது நாலு திட்டுத் திட்டுங்கள். இங்கே அதற்கு ஆளில்லை.

வேலைக்கு மணியாகிவிட்டது.

உங்கள் மருமகள்