பங்குக் கிணற்றுத் தண்ணீர்

உடுப்பிட்டி,
ஆவணி 12

அன்புள்ள மகள் வினோஜாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆடுகளும் சுகம், கிணறு மட்டும் சுகமில்லை. நீயும் மருமகனும் பிள்ளைகளும் கனடாவில் முருகன் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சொல்ல வந்ததைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

கிணற்றுத் தண்ணீர் உவராகிவிட்டது. எங்களுக்கும் மகாதேவிக்கும் ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கும் பங்கான கிணறு என்பதால் மூன்று வீட்டுத் தேத்தண்ணீரும் ஒன்றாகக் கெட்டது. அம்மா முழங்கால் நோவோடு இவ்வளவு நாளும் கோயில் கிணற்றில் போய் அள்ளி வந்தா. வெங்காயம் நுனி கருகி நிற்கிறது. ஆனி மாதம் கமக்காரர் சங்கக் கூட்டத்தில் தோட்டக்காரர் எல்லாருக்கும் முன்னால் இதுபற்றி அரை மணித்தியாலம் கதைத்தேன். நீ போனில் சொல்லுகிற சங்கதிகள்தான். பனி உருகுகிறது, கடல் ஏறுகிறது, இரண்டு மாதம் பெய்த மழை இப்போது நாலு நாளில் கொட்டிவிட்டுப் போகிறது, கனடாவில் ஆளுக்கொரு கார் ஓடுவதால் நாங்கள் இங்கே உப்புத் தண்ணீர் குடிக்கிறோம் என்றேன். நன்றாகக் கைதட்டினார்கள். உன்னுடைய காரையும் உதாரணத்துக்குச் சொன்னேன், குறை நினைக்காதே.

அடுத்த கிழமை விவசாயத் திணைக்களத்திலிருந்து ஜெசிதா என்றொரு பிள்ளை தண்ணீரைப் பரிசோதிக்க வந்தது. சுற்றியுள்ள ஐந்து கிணறும் நல்ல தண்ணீராம், எங்களுடையது மட்டும்தான் உவராம். நல்ல தண்ணி மேலை நிக்கும், உப்புத் தண்ணி அதுக்குக் கீழை கிடக்கும், அடியிலை துளை போட்டு இறைச்சால் உப்பு மேலை வரும், உதுக்குள்ளை துளை ஏதும் போட்டனீங்களோ என்று கேட்டது. மூன்று பேரும் இல்லை என்றோம். முதலில் சொன்னது நான்.

நான் போட்டேன் மகள். போன வருடம் சித்திரையில், என்னுடைய இறைப்பு முறை நாளில், பாதித் தோட்டம் நனையுமுன்னே மோட்டர் காற்றை இழுத்தது. மற்ற இரு வீட்டாரும் தேருக்குப் போன நாள் பார்த்து, ஆள் பிடித்து, கிணற்றின் அடியில் இருபதடி துளைத்தேன். தண்ணீருக்குள் கிடப்பதால் வெளியே தெரியாது. வெங்காயம் நன்றாக விளைந்தது. வெய்யில் கூடியது உண்மை, மழை பிழைத்ததும் உண்மை, ஆனால் துளைக்கிற மெசினை வெய்யில் கூட்டி வரவில்லை. அம்மா குடத்தோடு நொண்டி வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

போன ஞாயிறு இரண்டு பேரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டு ஒத்துக்கொண்டேன். ஒருவரும் ஏசவில்லை. ஏன் என்று, தண்ணீரை இறைத்து அடி தெரிந்ததும் விளங்கியது. அடியில் மூன்று துளைகள். ஆழ்வாப்பிள்ளை அண்ணை பூவரசைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி என்னுடையதைச் சீமெந்தால் அடைத்தேன். மகாதேவி மேலேயிருந்து இன்னொரு வாளி இறக்கினா. அண்ணை, சீமெந்து கொஞ்சம் கூடக் குழைச்சுப்போட்டன், வீணாக்காமல் பக்கத்திலை இருக்கிறதுக்கும் போட்டுவிடுங்கோ என்றா. மூன்றாவது தன்னுடையது இல்லை என்று ஆழ்வாப்பிள்ளை அண்ணை கோயில் பக்கம் பார்த்துச் சத்தியம் செய்தார். ஒருவருடையதும் இல்லையென்றால் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்று அதையும் அடைத்தேன். அதற்குச் சீமெந்து குழைத்துத் தந்தவர் அவர்தான்.

இனி மூன்று நாலு மாரி பெய்தால் தண்ணீர் மாறலாம், மாறாமலும் விடலாம் என்று ஜெசிதா சொன்னது. எனக்கு எழுபத்துமூன்று வயது. இந்தக் கிழமை முதல் கோயில் தண்ணீரை நான்தான் அள்ளி வருகிறேன். உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும். கடிதம் கிடைத்ததும் போன் எடு. உன் சீதன உறுதிப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசித்துப் பார். அந்தத் தோட்டமும் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் பதினொரு வருடமாக உன் பெயரில் இருக்கின்றன. மகாதேவியிடமும் ஆழ்வாப்பிள்ளை அண்ணையிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டி வரவில்லை. நான் துளை போட்டது உன்னுடைய பங்கில், உன்னைக் கேட்காமல். மன்னித்துக்கொள் மகள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கதிரவேலு